மூன்று வீட்டுத் தண்ணீரும் போய்ச் சேரும் இடம்

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. வயது முப்பத்திரண்டுதான். ஆனாலும் கல்லூரி முடித்ததிலிருந்து செய்துவந்த வேலையை மகன் பிறக்கும் முன்பே விட்டுவிட்டேன். திரும்பப் போவேன் என்று தோன்றவில்லை. அதனால் போன வாரம் கௌசல்யா போன் செய்து, "அக்கா, உங்க அனுபவத்துல இருந்து கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டபோது, என் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார், அவரைத்தான் கேட்கிறாள் என்பது போல இருந்தது.

கௌசல்யா என் இடத்துக்கு வந்திருக்கிற பெண். சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் வீட்டுத் தோட்டம் போட விரும்புகிறவர்களுக்கு விதையும் கன்றும் கொடுத்து, பிறகு அவை பிழைத்தனவா என்று போய்ப் பார்க்கிற ஒரு சிறிய அமைப்பு எங்களுடையது. இப்போது அங்கே கைப்பேசியில் ஒரு செயலி வந்திருக்கிறதாம். இடத்தின் அளவு, வெயில், தண்ணீர் மூன்றையும் போட்டால் எந்த வீட்டுக்கு என்ன செடி என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"சொல்றபடிதான் குடுக்கறேன்க்கா. ஆனா பாதி வீட்ல பாக்கெட்டப் பிரிக்கவே இல்ல. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க" என்றாள்.

நான் ஏதோ பதில் சொன்னேன். நடுவில் மகன் தொட்டி மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொள்ள, போனை வைத்துவிட்டு ஓடினேன். வாயைத் துடைத்த பிறகும் மனம் அடங்கவில்லை. சொன்னது சரிதானா? பாதி சொல்லி பாதியை விட்டது தப்பாகப் போய்விடுமோ? அவன் தூங்குகிற நேரங்களில் இதை எழுதுகிறேன். அவளுக்காக என்றுதான் தொடங்கினேன்.

தாவரவியல் படித்தவள் நான். செடியின் குடும்பம், பேரினம், சிற்றினம் எல்லாம் மனப்பாடம். ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வளர்ந்தவளுக்கு மண்ணோடு என்ன பழக்கம்? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் ஒரு பழைய டிரம்மில் மருதாணி நிற்கும். பெருநாளுக்கு முன்னால் இலை முழுவதையும் உருவிவிடுவோம். அது பாட்டுக்குத் துளிர்க்கும். பக்கத்தில் ஒரு தொட்டி புதினா. எங்களுக்குத் தோட்டம் என்றால் அவ்வளவுதான். ஏன் எல்லார் வீட்டிலும் அதே இரண்டு செடி என்று வேலைக்குச் சேரும் வரை எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கன்று எடுக்க, உரம் கலக்க, பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு ஸ்டெல்லா மேடத்தோடு ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். மேடம் அஸ்தம்பட்டியில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவிர மற்ற நாளெல்லாம் ஸ்கூட்டரில்தான் இருப்பார். பேச்சு வெடுக்கென்று இருக்கும். போனில் பேசினால் நாம் முடிக்கும் முன்பே வைத்துவிடுவார்.

அவர் ஒரு வீட்டைப் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். முன்வாசலில் நின்று பேசமாட்டார். "பின்னாடி போலாமாம்மா" என்று கேட்டுக்கொண்டே நடந்துவிடுவார். புழக்கடைக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணை மிதித்துப் பார்ப்பார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்பார். கேன் தண்ணீரைக் கொண்டுவந்தால், "இது வேண்டாம், பாத்திரம் கழுவுற தண்ணி குடு" என்பார். ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார். போர் தண்ணீர் உப்பா, காவிரித் தண்ணீரா என்று அதிலேயே தெரிந்துவிடும். குளித்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். அடுத்து துணிக்கொடி. கொடியில் பள்ளிச் சீருடை இருக்கிறதா, கைக்குழந்தைத் துணி இருக்கிறதா, ஆண் துணி இருக்கிறதா. கடைசியாக ஒரே ஒரு கேள்வி: "மத்தியானம் வீட்ல யாரு இருப்பீங்க?" இவ்வளவும் ஆன பிறகுதான் செடிகளைப் பார்ப்பார்.

முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. செடிக்கும் துணிக்கொடிக்கும் என்ன சம்பந்தம்? கேட்டே விட்டேன். "செடி உனக்குத் தெரியும், அத நான் எதுக்குப் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாராட்டா, திட்டா என்று அயோத்தியாப்பட்டணம் போய்ச் சேரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

போகப் போக எனக்கும் தெரிய ஆரம்பித்தது. தறி ஓட்டுகிற வீட்டில் கீரை நிற்காது. ஆணும் பெண்ணும் தறியில் நிற்கும்போது காலையில் விதைத்த கீரைக்கு மாலையில் யார் தண்ணீர் தெளிப்பது? அங்கே முருங்கையும் கற்றாழையும்தான் பிழைக்கும். பக்கத்து வீட்டில் ஆடு வளர்த்தால் இந்த வீட்டில் அரளிதான் பூக்கும். அரளியின் மேல் ஆசை என்று நினைக்கக் கூடாது, ஆடு கடிக்காமல் விட்டது அது ஒன்றுதான். மகனும் மகளும் வெளிநாட்டில் இருக்கிற ஒரு வாத்தியார் வீட்டில் எலுமிச்சை காய்த்துக் கொட்டியது. பறிக்க ஆளில்லை. "காய்கறிச் செடி தரட்டுமா சார்" என்றதற்கு, "எங்க ரெண்டு பேருக்கு ஒரு வெண்டைக்காய் போதும்மா, ஒரு செடியே அதிகம்" என்றார். நாத்தனார், ஓரகத்தி என்று நாலு பெண்கள் இருக்கிற வீட்டில் கறிவேப்பிலை மரமாக நிற்கும். தனியாக ஒரு பெண் இருக்கிற வீட்டில், மாதத்தில் அந்த மூன்று நாள் கறிவேப்பிலையைத் தொடக் கூடாது என்று செடியே வைத்திருக்கமாட்டார்கள். குழம்பு தாளிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டில் போய் நிற்பார்கள். கௌசல்யாவின் செயலி இதையெல்லாம் எங்கே கேட்கும்?

மேடத்திடம் ஒரு குறை உண்டு. சண்டை இருக்கிற வீடு என்று மூக்கில் வாடை பட்டால், அந்த வீட்டை அப்படியே விட்டுவிடுவார். "அடுத்த வீட்டப் பாரு" என்பார். நானும் கேள்வி கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். மல்லிகா வீட்டில்தான் அது முடியாமல் போனது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே அண்ணன் தம்பிகள் மூவருக்கு மூன்று வீடு, ஒரே வாசல், ஒரே புழக்கடை. மூத்தவர் குப்புசாமி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். நடு வீடு அடுத்த தம்பியுடையது. கடைசி வீட்டில் மல்லிகா. அவள் கணவன் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போன இடத்தில் விபத்தில் இறந்திருந்தான். ஒரு மகள், ஒன்றாம் வகுப்பு. மல்லிகா வீட்டிலேயே துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் தனியாகப் போயிருந்தேன். மேடம் செய்வது போலவே பின்பக்கம் போனேன். மல்லிகா வீட்டுச் சுவரோரம் பெயின்ட் வாளிகள் வரிசையாக இருந்தன. தக்காளி, கத்தரி, பச்சைமிளகாய், ஒரு ரோஜா. எல்லாம் செழிப்பாக இருந்தன. எல்லா வாளியிலும் கைப்பிடிக் கம்பி அப்படியே இருந்தது. தரையில் ஒரு புல் பூண்டு கூட அவள் வைத்ததில்லை. இவ்வளவு நல்ல மண் இருக்கும்போது ஏன் எல்லாம் வாளியில் என்று கேட்டேன்.

"தரையில வெச்சா கேக்கறாங்க மேடம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு ஒரு தென்னம்பிள்ளை குடுங்க. அது போதும்" என்றாள்.

பாகம் பிரிக்காத பொது இடத்தில் யாரும் மரம் வைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மரம் வைத்தால் வைத்தவருக்கு அந்த இடத்தின் மேல் அனுபோக உரிமை வந்துவிடும். கீரை விதைக்கலாம், வாளியில் என்ன வேண்டுமானாலும் வளர்க்கலாம். தென்னை மட்டும் வைக்க முடியாது. அது அறுபது வருஷம் நிற்கும். மல்லிகாவை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லி இரண்டு வீட்டாரும் ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். சிறு வயசு, தனியாக எதற்கு, அங்கே தோட்டம் இருக்கிறது, துணைக்கு ஆள் இருக்கிறது என்று. போனால் திரும்பி வர வீடு இருக்காது என்று அவளுக்குத் தெரியும். மகளுக்கு அப்பன் வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஓர் அறையும் அந்தப் புழக்கடை மூலையும்தான் மிச்சம்.

"வாளியத் தூக்கிட்டுப் போயிருவேன்னு நெனைக்கறாங்க. நான் போறவ இல்லீங்க மேடம்" என்றாள்.

எங்கள் விதிப்படி மரக்கன்று கொடுக்க இடத்தின் உரிமையாளர் சம்மதம் வேண்டும். இங்கே உரிமையாளர் யார்? வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"தென்னையா? வேண்டாம். நாம செடி குடுக்க வந்தவங்க. பாகம் பிரிக்க வந்தவங்க இல்ல. அடுத்த வீட்டப் பாரு" என்றார். நான் "மேடம், அந்தப் பொண்ணு..." என்பதற்குள் வைத்துவிட்டார்.

அவர் சொன்னது தப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு கன்றைக் கொடுத்துவிட்டு நாம் சேலத்துக்கு பஸ் ஏறிவிடுவோம். அதற்குப் பிறகு அந்த வாசலில் விழுகிற பேச்சையெல்லாம் அவள்தான் கேட்க வேண்டும். அடுத்த வீட்டுக்குத்தான் போனேன். வேலியடியில் குப்பைக்கீரையும் வேலிமேல் செங்காந்தளும் படர்ந்திருந்த வீடு. அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்தேன்.

இந்த முறை செடி என்ற நினைப்பே இல்லாமல், மேடத்தைப் போலத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புழக்கடை நிலம் மல்லிகா வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது. மூன்று வீட்டுக் குளியல் தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் அவள் மூலையில்தான் வந்து தேங்கிக் கறுத்துக் கிடந்தது. அவள் வாளிகளைச் சுவரோரம் உயர்த்தி வைத்திருந்ததற்குக் காரணமும் அதுதான்.

குப்புசாமி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். மல்லிகாவுக்கு மச்சாண்டார், அதாவது கணவனின் அண்ணன். முரடராக இருப்பார் என்று பயந்துகொண்டே போனேன். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். "வாங்க சாமி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க" என்றார். அவர் மனைவி மோர் கொடுத்தார். மல்லிகா தன் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "அம்மிணி தென்னங்கன்னு கேட்டிருக்குமுங்களே. எங்கப்பன் இருக்கறப்பவே சொல்லிப்போட்டாருங்க, பொதுவுல யாரும் மரம் வெக்கப்படாதுன்னு. நானும் வெக்கலீங்க, தம்பியும் வெக்கல. நாளைக்கு ஒரு மட்டை உளுந்தாக்கூடப் பஞ்சாயத்துக் கூட்டோணும். அம்மிணிக்கு அவங்கம்மா ஊட்டுல தோட்டம் இருக்குதுங்க. அங்க போய் எத்தன வேணா வெச்சுக்கிட்டும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மல்லிகா பக்கம் பார்க்கவில்லை.

மரம் என்றால் சம்மதம் வேண்டும், பயிர் என்றால் வேண்டாம். எங்கள் விதியில் இரண்டுக்கும் பட்டியல் உண்டு. வாழை இரண்டிலும் இல்லை. யாரையும் கேட்காமல் பயிர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் மறுநாளே யாராவது பிடுங்கிப் போட்டிருப்பார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. எதையும் கேட்டுச் செய்தே பழகியவள் நான். கேட்டேன்.

"தென்னை வேண்டாங்கய்யா. அந்த மூலையில தண்ணி தேங்கி நிக்குது. குழந்தைங்க இருக்கிற இடம், கொசு. அங்க ரெண்டு வாழை வெச்சா தண்ணிய இழுத்துக்கும். வெக்கலாமா?"

அவர் எழுந்து புழக்கடைக்குப் போய் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார். தன் வீட்டுக் குளியலறைக் குழாயிலிருந்து அங்கே வரை வந்திருந்த ஓடையையும் பார்த்தார். நடு வீட்டு ஓரகத்தி சன்னல் வழியாக, "வாழையும் மரந்தானுங்களே மாமா" என்றாள்.

"வாழை என்ன மரமா? தாரு போட்டா வெட்டிப்போடறது" என்றார் குப்புசாமி. சன்னலுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தெரியாது. "வெச்சுக்கிட்டும். தண்ணி நாறாம இருந்தாச் சரி."

வெட்டினாலும் வாழை அந்த இடத்தை விட்டுப் போகாது. தாய் சாய்வதற்குள் பக்கத்தில் கன்று நிற்கும். இது எனக்குத் தெரியும், மல்லிகாவுக்குத் தெரியும். மண்ணில் பிறந்து வளர்ந்த குப்புசாமிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் சொன்னாரா, அந்த நாற்றத்துக்கு வெட்கப்பட்டுச் சொல்லிவிட்டாரா? எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஒரு முறை ஒரு பதில் வரும், மறுமுறை வேறு பதில் வரும்.

மறுநாள் பரமத்தி வேலூர்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து பூவன் கன்று எடுத்து வந்தேன். அகன்ற இலை விட்ட கன்றைத் தவிர்த்து, ஈட்டி போல இலை குறுகிய கன்றாகப் பார்த்து எடுத்தேன். அதுதான் வீரியமாக வரும். பழைய வேரைச் சீவி, சாணிப் பாலில் முக்கி எடுத்தோம். குழி நான் போவதற்குள் தயாராக இருந்தது. மல்லிகாவின் கையெல்லாம் கொப்புளம். "பாத்துப் பாத்து வெக்காதீங்க மேடம், சீக்கிரம் வெச்சிருங்க" என்றாள். யாராவது வந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னன்னு எழுதின?" என்றார். "பயிர்னு எழுதினேன் மேடம்." "சரி" என்று வைத்துவிட்டார். அந்த ஊருக்கு அவர் அதற்குப் பிறகும் வரவில்லை.

மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. அந்த வீட்டுக்கு மட்டும் நான் ஏதோ ஒரு சாக்கில் அடிக்கடி போனேன். மூன்று வீட்டுத் தண்ணீரையும் குடித்து வாழை அசுரத்தனமாக வளர்ந்தது. கறுப்புத் தண்ணீர் இல்லாமல் போனது. முதல் தார் தள்ளியபோது மல்லிகா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கலங்கிப்போய் நின்றாள். எல்லார் வீட்டுத் தண்ணீரிலும் விளைந்தது எல்லாருக்கும் பொது என்று ஓரகத்தி பேச்சை ஆரம்பித்திருந்தாளாம். பங்கு போட ஆரம்பித்தால் இடமும் பொது என்றாகிவிடும். கொடுக்காமல் இருந்தால் சண்டை. மேடம் பக்கத்தில் இருந்தால் அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

மல்லிகா யாரையும் கேட்கவில்லை. யாரும் கேட்கும் முன்பே தாரை இறக்கி, தன் வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவைத்தாள். பழுத்ததும் நல்ல சீப்பாகப் பார்த்து, தட்டில் வைத்து, மகள் கையில் கொடுத்து இரண்டு வீட்டுக்கும் அனுப்பினாள். "எங்கம்மா குடுத்துட்டு வரச்சொல்லுச்சுன்னு சொல்லோணும்" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாளாம். ஓரகத்தி பழத்தை வாங்கி வைத்துவிட்டுத் தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்பினாள். குப்புசாமி வீட்டிலிருந்து தட்டில் கொஞ்சம் சர்க்கரை வந்தது.

இது போதுமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தட்டில் சர்க்கரை வந்துவிட்டதால் பாகம் பிரிந்துவிடுமா? பத்திரம் கிடைக்குமா? நாளைக்குக் குப்புசாமியின் மகன்களுக்குக் கல்யாணமாகி இடம் போதவில்லை என்றால் இந்த வாழை எந்த மூலைக்கு? ஒரு மரத்தைக் கேட்டவளுக்கு மரமில்லாத ஒன்றைக் கொடுத்து, அவளை அரைகுறையாக நிற்கவைத்துவிட்டேனோ? வேலையை விடும் நாள் நெருங்க நெருங்க இந்தக் கேள்விதான் கூடவே வந்தது. என் வயிற்றில் அப்போது ஆறு மாதம்.

கடைசி முறையாக அங்கே போன அன்று குப்புசாமி வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. அவர் மகளைப் பெண் பார்க்க ஆள் வந்திருந்தார்கள். நல்ல காரியம் நடக்கும் நாளில் கணவனை இழந்தவள் எதிரே வரக் கூடாது என்று மல்லிகா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். நானும் சத்தம் போடாமல் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட நாளில் அந்த வீட்டார் இலையைச் சந்தையில்தான் வாங்குவது வழக்கம். மல்லிகாவிடம் கேட்கமாட்டார்கள். அன்று வந்தவர்கள் சொன்ன கணக்கைவிட அதிகம் போலிருக்கிறது, வாங்கிய இலை போதவில்லை.

புழக்கடைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். குப்புசாமியின் மனைவி பட்டுச் சேலையோடு, கையில் அரிவாளோடு வாழைக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு கன்று வைத்த இடத்தில் இப்போது ஒரு கூட்டமே நின்றது. எந்த மட்டையை வேண்டுமானாலும் இழுத்து அறுத்துக்கொண்டு போயிருக்கலாம். கேட்பதற்கு ஆள் வெளியே இல்லை. அவர் அரிவாளைத் தாழ்த்திக்கொண்டு சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"மல்லிகா. நாலு எலை அறுத்துக்கிட்டுமா?"

தையல் மிஷின் நின்றது. மல்லிகா என்னைப் பார்த்தாள். ஊசியிலிருந்து நூலை எடுத்தாள். துணியை மடித்தாள். வெளியே அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"குருத்த உட்டுப்போட்டு அறுத்துக்கங்கக்கா" என்றாள்.